கதவுக்குப் பின்னால் சுவிட்ச்

ஐப்பசி, ஞாயிறு

மடவார் வளாகத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க இன்று ஒருவரைத் தம்பி கூட்டிவந்தான். விற்கப்போவதில்லையாம், விலை மட்டும் விசாரிக்கிறானாம். வந்தவர் முதலில் உள்ளறைக்குத்தான் போனார். அது பகலிலும் இருட்டு. அப்பா வயரிங் முடித்த பிறகு கதவைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டதால், சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அதைத் திட்டிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் இருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். இவர் பேச்சை நிறுத்தாமலே கதவை இழுத்து, பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார்.

அவர் போனதும் தம்பியைப் பிடித்தேன். "ஏலே, இவர முந்தியே கூட்டியாந்து காட்டியிருக்க. நெசத்தச் சொல்லு."

"சத்தியமா இல்லக்கா. நானே காலையிலதான சென்னையிலருந்து வாரேன்."

உண்மைதான். நானும் பகலெல்லாம் ராஜபாளையத்தில், மில்லில் இருக்கிறேன்.

படுத்த பிறகுதான் காபி நினைவுக்கு வந்தது. அம்மாதான் எல்லோருக்கும் கொண்டுவந்தாள். ஒரு தம்ளரை மட்டும் தனியாக எடுத்து அவரிடம் நீட்டி, "ஒங்களுக்குச் சீனி போடல" என்றாள்.

சீனி வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.