சூடம் அணைக்கக் காத்திருக்கும் தம்பி

தென்னூர்,
1936 மார்கழி

ஆத்தாவுக்குச் சின்னையன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா?

பயப்பட வேண்டாம். மில்லில் நெல் மூட்டை களவு போனதென்று தம்பி அம்மாசியைப் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தார்கள். நான் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவரை அழைத்துப் போனேன். தம்பியோ, "தப்புப் பண்ணவனுக்குத்தானே வக்கீல்? நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்றேங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். சமயபுரம் கோயிலில் சத்தியம் பண்ண வைக்கிறோம் என்று சொல்லியே போலீசார் களவை ஒப்புக்கொண்டதாக எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் ஜெயில்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று யாரையாவது எழுதச் சொல்லுங்கள். தினமும் சோறு மீந்துவிடுகிறது.

நேற்று ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன். "அண்ணே, சமயபுரத்துக்கு என்னைய எப்பக் கூட்டிக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டான்.

மில் சங்கு ஊதிவிட்டது.

சின்னையன்