மூன்றாவது மெட்டுக்கு முன்னால்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

குழுவில் நால்வரும் சுகந்தானே? அந்த ஊர்க் குளிர் உங்கள் விரல்களை விட்டுவைத்திருக்கிறதா? நான் நம்மூர் திரும்பியதும் வேலையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஜாஸ் கச்சேரியை அரங்கில் பதிவு செய்ததைச் சீர்செய்து, இத்துடன் சிடியாக அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். மூன்றாவது மெட்டு நான் எழுதியது. ஒலிச்சோதனையின்போது நான் வாசித்துக்காட்டியதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். மேடையில், "இது என்னோட புது டியூன்" என்றீர்கள். ஹெட்போனோடு கேட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பா தன் சலவைக்கடையில் எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டார். "ஆல்பம் அட்டையில உன் பேரு எந்தப் பக்கம்மா வரும்?" என்று தினமும் கேட்கிறார். போட்டுவிடுங்கள் அக்கா.

இன்னொன்று. அந்த மெட்டுக்கு முன்னால் நீங்கள் டிரம்மர் அண்ணனிடம் மெதுவாகப் பேசியது, உங்கள் பியானோவுக்குள் வைத்த மைக்கில் விழுந்திருக்கிறது. கேட்டுவிட்டு, இருக்கட்டுமா வெட்டவா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒலிப்பதிவுத் தங்கை

மார்ச் 15

என் செல்ல ஊமைக்கோட்டானே,

உனக்கு இவ்வளவு பேச வருமா! பெயரையெல்லாம் பெரிதுபண்ணாதே. மெட்டை யாரும் முணுமுணுக்கலாம், கேட்க வைப்பது விரல்தான். அடுத்த ஆல்பத்தில் பார்ப்போம். அப்பாவுக்கு என் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று தருகிறேன், சந்தோஷப்படுவார்.

சிடியை இரண்டு தடவை முழுக்கக் கேட்டேன். பிரமாதம்! பேச்சை வெட்டாதே. மேடைப் பதிவு என்றால் மூச்சுவிடுவதுகூடக் கேட்க வேண்டும். ஒரு நொடி குறைந்தாலும் காதைத் திருகுவேன். ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்கு ஒப்புதல் கையெழுத்து அனுப்பிவிட்டேன்.

முத்தங்களுடன்,
அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

ஆல்பம் வெளிவந்துவிட்டது. ஒரு நொடியும் குறையவில்லை.

நீங்கள் அந்த சிடியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பயணம் முழுக்க நான் பதிவு செய்த எதையும் நீங்கள் கேட்டதில்லை. நேற்று வானொலியில் கேட்டிருப்பீர்கள்.

"இது அந்தப் பொண்ணோட டியூன் இல்ல?"

"ஆமா, அதுக்கென்ன? அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே அவதான். வெளிநாடு கூட்டிட்டு வந்ததுக்கே கையெடுத்துக் கும்பிடுவா. வாயில்லாப் பூச்சி."

அதற்கு அண்ணன் சிரிக்கிறார். சிரிப்பு மங்கலாக இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

காலையில் கம்பெனிக்காரர் பேசினார். அட்டையை மாற்றி அச்சடிக்கிறார்களாம், என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார். அப்பாவும் வானொலியைக் கேட்டார். பெயர் எந்தப் பக்கம் வரும் என்று இப்போது கேட்பதில்லை. அது உங்களால் மட்டுமல்ல, என்னாலும்தான். ஆனாலும் வெட்டியிருக்கலாமே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

நேற்றிலிருந்து பதினோரு தடவை போன் அடித்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. வாயில்லாப் பூச்சி போனில் என்ன பேசும்?

இப்படிக்கு,
மூன்றாவது மெட்டை எழுதியவள்