அடுப்புப் பரணில் வளைந்த பிளாப்பிகள்

1999, ஐப்பசி, ஞாயிறு இரவு.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் மும்தாஜ், அவள் புருஷன் சலீம், அவர்கள் மகளான என் பேத்தி ரஹீமா, சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த கம்ப்யூட்டர்காரர் செந்தில்.

லேப்டாப் ரஹீமாவுடையது. நாளை கல்லூரியில் கொடுக்க வேண்டிய கடைசி வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. தன் கடைக்குப் பில் போடும் புரோகிராம் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்று, சலீம் அவளைக் கேட்காமலே புதியதன் மேல் பழையதை ஏற்றினான். பாதியில் திரை கறுத்தது. அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

ப்ராஜெக்ட்டைக் காப்பி எடுத்து வைத்திருந்த பிளாப்பி டிஸ்க்குகளை ரஹீமா தேடினாள். மழை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று அவற்றையும் சலீம்தான் அடுப்புப் பரணில் வைத்திருக்கிறான். எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன.

"மொளகா வத்தலே அங்கதானுங்களே காயுது!" என்றான். ரஹீமா அழுதாள். "கட்டிக் குடுக்கப் போற புள்ளைக்கு எதுக்குங்க மாமி இந்தப் பொட்டி?" என்று சிரித்தான்.

செந்தில் தன் பிளாப்பியைப் போட்டு லேப்டாப்பை எழுப்பினார். "அழாத கண்ணு, நீ எழுதுனது அப்படியே இருக்குது" என்றார். நொடியில் அவள் முகம் மலர்ந்தது.

"இப்பச் சரிதானுங்களே மாமி?" என்றான் சலீம்.

லேப்டாப் சரியாகிவிட்டது. அவன் சிரித்தபோது என் பேத்தி தலை குனிந்தாளே, அதை எந்தப் பிளாப்பி போட்டு எடுப்பது? மன்னிக்கவே மாட்டேன், சலீமை.