கட்டைப்பை உட்கார்ந்த நாற்காலி

இன்று தாம்பரத்தில் வேலைவாய்ப்பு முகாம். எங்கள் கம்பெனி மேசைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலி வரிசையில், மனிதர்களுக்கு நடுவே ஒரு கட்டைப்பை உட்கார்ந்திருந்தது. ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, அந்தப் பச்சைப் பை. ஆளைக் காணோம். பார்த்த மாத்திரத்தில் உன் ஞாபகம் வந்துவிட்டதடி.

நாம் சட்டை தைத்துக்கொண்டிருந்த கம்பெனியை மூடிய வருடம். மாதக்கணக்கில் வேலையில்லை. என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். உன் வீட்டில் சம்பாதிக்க நீ ஒருத்திதான். இரண்டு பேருக்குமே அன்றைக்கு வேலை கிடைத்தே ஆகவேண்டும். செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து இதே மாதிரி ஒரு முகாமுக்கு வந்தோம். அங்கே கூட்டமோ கூட்டம். எந்த வரிசை நீளமோ அதில் போய் நின்றுகொண்டேன். இத்தனை பேர் நின்றால் நல்ல கம்பெனியாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு, பைத்தியக்காரி!

நீ என்ன செய்தாய்? ரேஷன் கடையில் வைப்பதுபோல ஒரு வரிசையில் உன் கட்டைப்பையை வைத்துவிட்டு மேசை மேசையாகக் கிளம்பிவிட்டாய். "இன்னா சார், எந்த வேலைக்கு ஆள் எடுக்கறீங்க?" என்று கூச்சமே இல்லாமல் விசாரித்தாய். பிறகு வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"இன்னாடி செல்வி, இங்க நின்னுகினு கீற? இவங்க டிகிரி கேக்கறாங்க. அந்தக் கோடில மருந்துக் கம்பெனி கீது பாரு, பேக்கிங் செக் பண்ண ஆள் வேணுமாம். ஓடு. எந்த வேலைன்னாலும் செய்வேன்னு மட்டும் சொல்லாத. செஞ்சத சொல்லு. டேமேஜ் பீஸ பார்த்தவொடனே எடுத்துப் போடுவியே, அத சொல்லு."

சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

சந்தோஷத்தில் உன்னைத் தேடி ஓடிவந்தால், உன் பை சுவரோரமாகக் கிடந்தது. நீ எனக்காக அலைந்த நேரத்தில் உன் முறை வந்திருக்கிறது. ஆள் இல்லையென்று பையைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தோடு அந்த மேசையில் ஆளெடுப்பும் முடிந்துவிட்டது. நான் அழுதேன். நீ பையை எடுத்துத் தூசி தட்டினாய்.

"ரேஷன் கடைல கூட பைக்கு ஒரு மரியாத கீது. இங்க இல்ல பாரேன்!" என்று சிரித்தாய். ஆனால் திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய்.

அப்புறம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாய். உடம்பைக் கவனிக்காமல் விட்டாய். நீ போய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பையைத் தள்ளியவர் யாரோ, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதே மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசராகி, இன்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பச்சைப் பையின் முறை வந்தது.

"ஆளக் காணோம் மேடம். அடுத்தவங்களக் கூப்பிடட்டுமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பைக்காரங்க வரட்டும் சார்."

வரிசையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். கடைசியில் ஜெராக்ஸ் தாள்களோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சாரி மேடம்... கடைல கூட்டம்..." உட்காரச் சொன்னேன். பச்சைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன வேலை தெரியும் என்று கேட்டேன்.

"எந்த வேலைன்னாலும் செய்வேன் மேடம்."

"அத விடும்மா. இதுவரைக்கும் என்ன செஞ்ச, அத சொல்லு."

அவள் மடியிலிருந்த பையை வாங்கி, என் மேசைமேல் வைத்துக்கொண்டேன்.