யூஜியின் லெப்டொப்பில் சத்தம் இல்லை

2018 பெப்ரவரி 6, செவ்வாய்

காலை பத்து நாற்பது. பிரசவ வாட்டு வாசலுக்கு வந்த நேர்ஸ் மிஸ் முதலில் சிங்களத்தில் சொன்னா, பிறகு தமிழில். பெண்பிள்ளை, சுகம். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. என் மனைவி யூஜீனியா போய்விட்டாள்.

இரண்டு தரமும் விளங்கியது. இரண்டு தரமும் தலையாட்டினேன்.

பெப்ரவரி 8, வியாழன்

அடக்கம் முடிந்தது.

பெப்ரவரி 12, திங்கள்

பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள். யூஜியின் தாய் அனஸ்தாசியா மாமிதான் பால்மா கரைக்கிறா, தூக்கித் திரிகிறா. நான் அறை வாசலில் நின்று பார்க்கிறேன். தூக்கவில்லை. பயமா? பயம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை – அதுதான்.

மாமி கேட்டா: "தம்பி, யூஜி தன்ர சின்னப் பிள்ளையளுக்குப் பாடிப் பதிஞ்சு வச்சவள்தானே. அதைப் போடுங்கோவன். தாயின்ர குரலைக் கேட்டா அடங்குவாள்."

யூஜி முந்தலில் பாலர் பாடசாலை ரீச்சர். பாட்டெல்லாம் அவளுடைய லெப்டொப்பில். திறந்தேன். ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் புள்ளடி, சத்தம் வராது.

"பழுது மாமி."

"நீங்கள் திருத்திற ஆள்தானே."

ஓம். புத்தளத்துக் கடையில் அதுதான் என் வேலை.

பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். மாமி கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளையை என்னோடு தனிய விட்டுப் போக மனமில்லை என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 15, வியாழன்

விண்டோஸ் தானாக அப்டேட் ஆனபோது பிழையான ஓடியோ டிரைவரை – சத்தத்துக்கான மென்பொருளை – கொண்டுவந்து ஏற்றியிருக்கிறது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம். கழற்றினேன். ரீஸ்டார்ட். அதே டிரைவர், அதே சிவப்பு.

கழற்றும்போது ஒரு சின்னப் பெட்டி வரும் – டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று. அதில் சரி போடாவிட்டால் அதே பிழை திரும்ப வந்து குந்தும். கடைக்கு வருகிற ஆட்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். இன்றைக்கு மூன்று தரம் கழற்றினேன். மூன்று தரமும் சரி போடவில்லை.

ஏன்?

பெப்ரவரி 19, திங்கள்

கடை முதலாளி உசனார் நானா பார்க்க வந்தார். மாமி முறைப்பாடு வைத்தா: "ஒரு கிழமையாத் திருத்திறார்."

நானா சிரித்தார். "ஓடியோ டிரைவருக்கு ஒரு கிழமையா? கஸ்டமர் எண்டா பத்து நிமிசத்துல முடிச்சிட்டு டீ கேப்பாரே."

பிறகு முற்றத்தில் என்னைத் தனிய நிற்பாட்டினார். "தம்பி, பாட்ட ஒரு பென் டிரைவ்ல ஏத்தி வேற மெசின்ல போடலாமே. இது ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். போனிலும் போடலாம்.

"கேக்க ஏலாம இருக்கா?"

"கேட்டு முடிச்சிட்டா, பிறகு அவளிட்டக் கேக்க ஒண்டும் இல்லை நானா."

அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து இறால் பண்ணை மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

பெப்ரவரி 22, வியாழன்

மாமி கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தா.

"சனிக்கிழமை பிள்ளையை வண்ணாத்திவில்லுவுக்கு, எங்கட வீட்டுக்குக் கொண்டுபோறன். நிக்கொலஸ் வேன் கொண்டு வருவான். என்னோடயே வளரட்டும். கோவிக்காதேங்கோ தம்பி, நீங்கள் அவளை ஒருக்காக்கூடத் தூக்கேல்ல."

நிக்கொலஸ் யூஜியின் தமையன். அவரோடும் கதைத்து முடித்துவிட்டா.

"ஓம் மாமி" என்றேன்.

ஓம் எண்டு சொல்லிட்டன். வேற என்ன சொல்ல? என்ர பிள்ளை எண்டு சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு – யூஜி கேட்டா என்ன சொல்லுவன்?

பெப்ரவரி 24, சனி

காலையில் மாமி பிள்ளையின் உடுப்புகளை அடுக்கினா. பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. போகமுதல் ஒருக்காவது தாயின் குரலை அவள் கேட்க வேண்டும். லெப்டொப்பை எடுத்தேன். பெட்டியில் சரி போட்டேன். அழித்தேன். தயாரித்த கம்பனியின் பழைய டிரைவரை இறக்கி ஏற்றினேன். ரீஸ்டார்ட். சிவப்பு இல்லை.

போட்டேன்.

யூஜி. முயல் குட்டியைப் பற்றி ஏதோ பாட்டு. பிள்ளை அழுகையை நிறுத்தினாள். மாமி உடுப்புகளோடு அப்படியே நின்றா. பாட்டின் நடுவில் என் குரல் – நான் மறந்தே போனது – "யூஜி, மீனைப் பொரிக்கவா, குழம்பு வைக்கவா?" அவள் சிரிக்கிறாள். "இஞ்சேருங்கோ, பதியிறன். கொஞ்சம் வாயை மூடுங்கோ." அதோடு முடிந்தது.

பிள்ளை திரும்ப அழத் தொடங்கினாள். திரும்பப் போடக் கை நீட்டினேன். மாமி என் கையைப் பிடித்தா.

"உங்கட கதையையும் வயித்துக்குள்ள கிடந்து கேட்டவள்தானே. நீங்கள் ஏதும் சொல்லுங்கோவன்."

பிள்ளையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் சாய்த்தா. இவ்வளவு சூடாக இருப்பாளா? பிள்ளையோடு என்ன கதைக்கிறது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடியோ டிரைவரைப் பற்றிச் சொன்னேன். அப்டேட்டில் பிழையானது எப்படி வந்து ஏறியது, எந்த இடத்தில் சரி போட வேணும், போடாமல் விட்டது ஆர் எண்டு – எல்லாம் சொன்னன். இடையில அழுதிட்டன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு நித்திரை.

மாமி பையிலிருந்து பால்மா டின்னை வெளியே எடுத்து வைத்தா. அடுப்படிக்குப் போய் மூக்கைச் சீறுவது கேட்டது.

நிக்கொலஸ் மச்சானைப் போனில் எடுத்து, வேன் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். ஏனென்று கேட்கத் திரும்பத் திரும்ப அடிக்கிறார். அந்தச் சத்தத்துக்கு அவள் நெளிகிறாள். போனை ஓஃப் பண்ணிவிட்டேன்.