மருந்து என்று சொன்னது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு மலைக்குப் பின்னால் போய்விட்டது. கீழ்பென்னாத்தூர் வரை பஸ்ஸில் நின்றபடி. சேகர் அண்ணனின் வேர்க்கடலைக் கொல்லையில் வாசனைப் பொறிகள் கட்டி முடித்தாயிற்று. முதுகு போயிற்று.

அவர் மனைவி செல்வி அக்கா: "இதுல ஆம்பளைப் பூச்சி மட்டும்தான் மாட்டுமாமே?"

"அது பழசுக்கா. இது பொம்பளைப் பூச்சிக்கு. ஆமணக்கு இலை வாசனை. முட்டை வைக்க எடம் தேடி வரும்."

"அடிப்பாவி, புள்ளத்தாச்சியைப் போய் ஏமாத்துறியே!"

பொறிக்குள் வைத்த டப்பாவில் என்ன என்று கேட்டார் அண்ணன். களைப்பு. "மருந்துண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆய்வகம். பெண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பை மின்கம்பிகளுக்கு நடுவே வைத்து என் கலவையை ஊதினால், திரையில் கோடு துள்ளுகிறது. என் மூக்குக்கு ஒன்றுமே இல்லை. எனக்கே எட்டாத ஒன்றை இன்னோர் உயிருக்குச் சொல்லி அனுப்புகிறேன். கர்வம் கொஞ்சம், அலுப்பு ஜாஸ்தி.

என் வழிகாட்டி மேடம்: "இந்த ஆடிப் பட்டத்துல பூச்சி வரலைன்னா கலவையை விட்டுடலாம்மா." மூன்று வருட வேலை.

தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். பஸ்கள் ஊருக்கு வெளியே. கொல்லைக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் போன்.

"பொறியில எதுனா இருக்காண்ணா?"

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்குது."

அழுகை வரவில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பொறிகள் காலிதான். ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள செடிகளில், இலைக்கடியில், பழுப்புப் பஞ்சு மூடிய முட்டைக் குவியல்கள். தள்ளிப் போகப் போகக் கம்மி. சில பொரிந்து, நூல்போன்ற புழுக்கள் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. வாசனை வேலை செய்திருக்கிறது. வந்தவை பொறிக்குள் நுழையாமல் பக்கத்திலேயே முட்டை வைத்துவிட்டன.

"எலையைத் திருப்பிப் பாக்கலையாண்ணா?"

"எதுக்கும்மா? நீதான் மருந்துன்னியே. மருந்து வச்ச கொல்லையில புழு வருமா?"

இங்கே மருந்தென்றால் பூச்சியைக் கொல்வது. எனக்குத் தெரியாததா.

வரப்பில் நின்று மேடத்துக்குப் போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பெண் பூச்சி வந்திருக்கா! எதையும் தொடாதேம்மா. இன்னும் ஒரு வாரம் விட்டு எண்ணிடலாம்."

ஒரு வாரத்தில் புழு பெருத்துக் கொல்லை முழுக்கப் பரவிவிடும். இலை போனால் காய் பிடிக்காது. இவர்களுக்கு இந்த வருஷம் இந்த ஒரு வெள்ளாமைதான்.

பொறிகளை அவிழ்த்தேன். அண்ணன், அக்கா ரெண்டு பேரிடமும் சொன்னேன். "அது கொல்ற மருந்து இல்லண்ணா. கூப்பிடுற வாசனை. நான்தான் கூப்பிட்டுட்டேன்."

அக்கா புடவையை இழுத்துச் செருகினாள்.

"விருந்துக்குக் கூப்பிட்டவதான் எச்சில் எலையும் எடுக்கணும். குனி."

இருட்டும்வரை மூன்று பேரும் முட்டை இலைகளைக் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டோம். மேடத்திடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. எடுக்கவில்லை. கை முழுக்கப் பச்சை. கிழக்குப் பக்கம் இன்னும் பாக்கி.