வேனை விற்காதே

பென்சான்ஸ்,
அக்டோபர் 14, செவ்வாய்.

அன்புள்ள கெர்ராவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் டென்சில் மாமாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. இந்தப் பிரிட்டன் தீவின் கால்மாட்டில் நான், தலைமாட்டில் நீ. அந்த வடகோடித் துர்சோவின் காற்றில் காதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் கத்துவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "வேனை வித்துடறேம்மா. சனிக்கிழமை ஒருத்தர் பாக்க வராரு. பகல்ல பழைய கிளினிக், சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்ல கல்லா. ஆறு மாசச் சம்பளச் சீட்டு சேந்துடுச்சுன்னா லிம்பானி வந்துடுவான்" என்றாய். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை மூன்று முறை துடைத்தேன். கட்டிய கணவனை வெளிநாட்டிலிருந்து விசா வாங்கித் தன் வீட்டுக்கு அழைக்க ஒரு பெண் ஆண்டுக்கு இருபத்தொன்பதாயிரம் பவுண்டு சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்று எவரோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். அந்தக் கால்நடை கிளினிக்கில் கொடுத்த சம்பளம் அதற்கு எட்டாது என்றுதானே வேலையை விட்டாய். வேன் வாங்கினாய், அதற்குள் தொட்டி வைத்தாய், ஊர் ஊராகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டினாய். ஏப்ரல் முதல் ஏப்ரல் வரை ஒரு முழு வருடம். வெந்நீர்க் குழாய் உறைந்த ஜனவரியில்கூட ஒரு நாள் நீ விடுப்பு எடுக்கவில்லை. மாப்பிள்ளை லிம்பானியோ மலாவியில், பிளான்டயரில் பதினைந்து வீட்டுக்கு ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன். அவர் அங்கே சம்பாதிப்பது இவர்களுக்குக் கணக்கே இல்லையாம். உழைக்கிற இரண்டு பேரைப் பிரித்து வைத்துவிட்டு, நாட்டுக்குப் பாரமாக வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்களே, இதற்கு என்ன பெயர் சொல்வது.

அவர்களை இவ்வளவு திட்டியபின் என்னையும் திட்டியாக வேண்டும். உன் வருமானக் கணக்கை எழுதி வரி அலுவலகத்துக்கு அனுப்பியது நான். நம் குடும்பம் உனக்குத் தெரியும். தாத்தா படகு வைத்திருந்தார், மாமா வைத்திருக்கிறார், மூன்று தலைமுறையாக நம் ஆண்கள் யாரும் சம்பளத்துக்குப் போனதில்லை. லாபத்தைக் குறைத்துக் காட்டுகிறவன்தான் கெட்டிக்காரன் என்பது நம் வீட்டு வேதம். நியாயமாகக் கழிக்கக் கூடியதில் ஒன்றைக்கூட விடாமல் கழிப்போம். ஷாம்பு, துண்டு, டீசல் போக, வேனின் முழு விலை பதினோராயிரத்தையும் ஒரே வருடத்தில் கழித்தேன். கடைசியில் லாபம் இருபத்துமூவாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். "பலே, நீ நம்ம அப்பா பொண்ணுதான்டி" என்றான். படித்த பெண் நான், பள்ளிக்கூட ஆய்வகத்தில் தினமும் அளவு பார்த்து ஊற்றிக் கொடுக்கிறேன். விசாக்காரர்கள் பார்ப்பது இதே லாபத்தைத்தான் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. வக்கீல் திருமதி பாஸ்கோ போன வாரம் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை அனுப்பினால் மறுத்துவிடுவார்கள் என்று சொன்னபோது நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால் நேற்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வக்கீலைப் பார்க்க ட்ரூரோவுக்கு பஸ் ஏறினேன். திருமதி பாஸ்கோ நான் நினைத்ததைவிடக் கறாரான பெண். "வேன் விலையைக் கழிக்கறது உங்க பொண்ணோட உரிமை, கட்டாயம் இல்ல. கழிக்காம திருத்திக் குடுத்தா லாபம் முப்பத்துநாலாயிரம் ஆயிடும், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. வரி கூடும். ஆனா ஏன் திருத்தினோம்னு மறைக்காம ஒரு கடிதம் வைக்கணும். அதுக்கப்புறமும் ஒத்துக்குவாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். வெளியே வந்து வரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தபின் ஒரு அம்மாள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கம்மா. வரியக் கூட்டணும்னா கேக்கறீங்க? பதினோரு வருஷமா இந்த சீட்ல இருக்கேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன்" என்றாள். ஆனால் வழியைத் தெளிவாகச் சொன்னாள். மாமாவுக்குத்தான் ஜீரணமாகவில்லை. "நம்ம வம்சத்துல யாருமே கேட்டு வாங்கி வரி கட்டினதில்லடி லோவெனா. அப்பா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து உன்னை அறைவாரு" என்றான். வரட்டும், அவரிடமும் இதே விண்ணப்பத்தைக் காட்டுகிறேன் என்றேன். கூடுதல் வரியை நான் கட்டுகிறேன், அதில் உனக்குப் பேச்சு கிடையாது. குளியலறையை இடித்துக் கட்டச் சேர்த்த பணம் இருக்கிறது, அந்த வேலையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாரமாக எனக்குள் ஓடிய பயம், மாப்பிள்ளை வராமல் போவதைப் பற்றியதல்ல. நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மலாவிக்கே போய்விடுவாயோ என்பதுதான். துர்சோவே எனக்குத் தூரம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு உனக்கு யோசனை சொல்வது சரியில்லை என்று தோன்றியதால் எழுதிவிட்டேன். போக வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் போ, பெட்டி கட்ட நானே வருகிறேன். ஆனால் ஒரு அலுவலகம் பிடித்துத் தள்ளியதால் போகாதே. அதே அலுவலகத்துக்குப் பயந்து, உன் கையால் உண்டாக்கிய தொழிலை எவனுக்கோ பாதி விலைக்குத் தூக்கிக் கொடுக்கவும் செய்யாதே.

திருத்திய கணக்கும் விளக்கக் கடிதமும் இதோடு இருக்கின்றன. தவறு உன்னுடையதில்லை, கணக்குப் போட்ட தாயுடையது என்று கடிதத்தில் என் பெயரோடே எழுதியிருக்கிறேன். இரண்டு தாளிலும் பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைத் தபாலில் திருமதி பாஸ்கோவுக்கு அனுப்பு. ஏற்றுக்கொண்டால் நல்லது. ஏற்காவிட்டால் இந்த வருடத்தில் கழிக்க வேன் விலை இல்லை, அடுத்த ஏப்ரலில் உன் லாபம் தானாகவே அந்த இருபத்தொன்பதாயிரத்தைத் தாண்டி நிற்கும். வேன் இருந்தால்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரே கூரைக்கடியில் சண்டை போட்டுச் சமாதானமாகி நீண்ட நாள் வாழ வேண்டும். மாமாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னான், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். சனிக்கிழமை வரும் மனிதர் பாவம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ, அதனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
லோவெனா